பாக்கியத்தின் நெற்றியில் எவ்வளவு எண்ணெய்?

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, "மேடம், ஒரே ஒரு டவுட்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. போன வாரம் கேட்டவள் ஸ்வாதி. நான் வேலை பார்த்த சோப்புக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்து, இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்.

"மேடம், புதுசா வந்த மார்க்கெட்டிங் ஆளுங்க சொல்றாங்க, மூஞ்சில இருக்கிற எண்ணெய ஃபேஸ்வாஷ் போட்டு எடுத்தா தோல் இன்னும் ஜாஸ்தியா சுரக்குமாம். அதனால எண்ணெ வழியற மூஞ்சிக்கும் க்ரீம் போடணுமாம். நாமளே டியூப்ல எண்ணெயக் குறைக்கும்னு அச்சடிச்சோமே, எது மேடம் நிஜம்?"

"தெரியாதும்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. எனக்கும் தன்னடக்கத்துக்கும் வெகுதூரம். என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நிஜமாகவே எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது என்பதைப் போனில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பு, பயிற்சியெல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும். பெங்களூர் மர்பி டவுனில் வளர்ந்தேன், பி.எஸ்ஸி. வேதியியல் படித்தேன், எழுபதுகளின் கடைசியில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். சோப்பில் ஈரம் எவ்வளவு, காரம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பன்னிரண்டு, பதிமூன்று வருஷம் அளந்தேன். சோப்பு நல்ல ஜாதி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். இன்று பத்து என்றால் நாளையும் பத்துதான். அதற்கு வீடு, பிள்ளை, தலைவலி ஒன்றும் கிடையாது.

தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு கடைகளில் வெளிநாட்டு டியூப்கள் வந்து குவிந்தன. எங்கள் கம்பெனிக்கும் ஆசை வந்தது. முகம் கழுவ ஒரு திரவம் செய்தார்கள். அது முகத்தின் எண்ணெய்ப் பசையைக் குறைக்கும் என்று டியூபில் போட வேண்டும். போடுவதற்கு முன்னால் நிரூபிக்க வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் மேலதிகாரி சீனிவாசமூர்த்தி சார், மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். எங்களோடு இருந்து இருந்து நன்றாகத் தமிழ் பேசுவார். கோபமே வராது. அதுதான் அவரிடம் பயம். யாராவது தப்பு செய்தால் கண்ணாடியைக் கழற்றி ரிஜிஸ்டர் மேல் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு "நோடோண" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம் என்று தோன்றும். என்னைவிடச் சின்னவர்களைக்கூட 'அவரே' போட்டுத்தான் கூப்பிடுவார்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு செய்முறைத் தாளை அவர் என்னிடம் கொடுத்தார். சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதத்தை ஈதரில் அலசிக் காயவைத்து எடை போட வேண்டும். நெற்றியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, காகிதத்தை அதில் வைத்து, அது நகராதபடி தலையைச் சுற்றித் துணிப் பட்டி கட்ட வேண்டும். மூன்று மணி நேரம். பிறகு காகிதத்தை இடுக்கியால் எடுத்து மறுபடி எடை. கூடியிருக்கும் எடைதான் அந்த நெற்றி சுரந்த எண்ணெய்.

"சுசீலா அவரே, காகிதத்துக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டார் சார்.

என்ன செய்வது, அல்சூரில் ஒரு பெட்டிக்கடைக்குப் போய் நானே கேட்டேன். கடைக்காரர் என் புடவையையும் பார்த்தார், கைப்பையில் தொங்கிய கம்பெனி அட்டையையும் பார்த்தார். "எத்தன கட்டும்மா?" என்றார். "இருக்கிறதெல்லாம் குடுங்க" என்றேன். அதன்பிறகு அந்தத் தெருவில் நான் நடக்கும்போதெல்லாம் அவர் எனக்கு ஒரு தனி மரியாதையோடு வணக்கம் வைப்பார்.

நெற்றிகளுக்குப் பஞ்சமில்லை. பேக்கிங் பிரிவுப் பெண்களில் பன்னிரண்டு பேர் முன்வந்தார்கள். வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை காலை. ஃபாக்டரியிலேயே ஏசி இருந்த ஒரே அறையில் மூன்று மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். நெற்றியைத் தொடக்கூடாது, சூடாக டீ குடிக்கக்கூடாது, வியர்க்கும்படி சிரிக்கக்கூடாது. கடைசி விதியை மட்டும் அவர்கள் ஒரு நாளும் மதிக்கவில்லை.

அதற்குக் காரணம் பாக்கியம். ஜீவனஹள்ளிக்காரி, முப்பது வயதிருக்கும், தற்காலிக ஊழியர். முதல் வியாழக்கிழமை நான் இடுக்கியும் காகிதமுமாக அவள் முன்னால் போய் நின்றதும், "இன்னா யக்கா இது, மூஞ்சிக்கு பீடி சுத்துறியா?" என்றாள். அறையே குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது. காகிதம் பறந்து போய்விட்டது.

பாக்கியத்துக்கு ஒரு பெண் குழந்தை. மூச்சிழுப்பு நோய். வேலை நிரந்தரமானால் இ.எஸ்.ஐ. அட்டை கிடைக்கும், குழந்தைக்கு ஒழுங்காக வைத்தியம் பார்க்கலாம் என்பதுதான் அவளுடைய ஒரே பேச்சு. நிரந்தரமாக்கும் பட்டியல் அந்த வருஷக் கடைசியில் வருவதாக இருந்தது. ஆபீஸ் பக்கம் நல்ல பெயர் எடுத்தால் நல்லது என்றுதான் பரிசோதனைக்கே வந்தாள். அதை ஒளிக்கவும் இல்லை. "பெரிய சார் நம்ம மூஞ்சிய ஞாபகம் வெச்சிக்கினா சரி" என்பாள்.

முதல் வாரம் டியூப் கொடுக்கவில்லை. இயற்கையாக எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா? மூன்று மணி நேரம் கழித்துப் பட்டிகளை அவிழ்த்தேன். தலையின் பின்பக்கம் இருந்த துணி முழுக்க மஞ்சளாக எண்ணெய். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, மறு வெள்ளி வரை தினமும் தேங்காயெண்ணெய் வைத்துப் படியப் பின்னிக்கொண்டு வருகிற பெண்கள். வியாழக்கிழமை என்றால் தலை எப்படி இருக்கும்! பட்டிகளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "என்னம்மா இது, பட்டியெல்லாம் ஒரே எண்ணெய்!" என்றேன். முகத்தைச் சுளித்தும் இருப்பேன். எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

காகிதங்களை எடை போட்டேன். மின்விசிறியை அணைத்து, கதவைச் சாத்தி, தராசின் கண்ணாடிக் கதவையும் சாத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு. வெளியே லாரி போனால் எண்கள் நடுங்கும். அது போகும்வரை காத்திருப்பேன். அவ்வளவு சுத்தமாக, நாலாவது தசமம் வரைக்கும் எழுதினேன்.

அன்றே டியூப்களைக் கொடுத்தோம். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை கழுவ வேண்டும். அடுத்த வாரம் பதினோரு பேருக்கு எண்ணெய் சட்டென்று குறைந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. எல்லார் முகமும் பளிச்சென்று இருந்தது. தலைமுடிகூட ஷாம்பூ விளம்பரத்தில் வருவதுபோல் பறந்துகொண்டிருந்தது. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நானே பூரித்துப் போனேன். சார்கூட ஒரு வாரம் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு 'நோடோண' சொல்ல மறந்துவிட்டார்.

பாக்கியத்துக்கு மட்டும் குறையவில்லை. நாலாவது வாரம் கொஞ்சம் கூடவும் செய்தது. ஐந்தாவது வாரம் இன்னும் கொஞ்சம்.

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் ஆகிவிட்டது. காகிதத்தை மாற்றினேன். தராசைச் சரிபார்த்தேன். அவளை ஜன்னலோரமிருந்து சுவரோரம் மாற்றினேன். எண் அசையவில்லை. தோலுக்குள் எண்ணெய் சுரக்கும் பைகள் உடம்புக்குள் இருந்து வரும் உத்தரவுக்குத்தான் கட்டுப்படும், வெளியே என்ன பூசினாலும் அவற்றுக்குக் கவலையில்லை என்று ஒரு புத்தகம் சொன்னது. வறண்டால் ஈடுகட்டச் சுரக்கும் என்று ஒரு தோல் டாக்டர் சொன்னார். புத்தகம் சரியென்றால் பதினோரு பேருக்கு ஏன் குறைந்தது? டாக்டர் சரியென்றால் பாக்கியத்துக்கு மட்டும் ஏன் கூடியது?

தலைமை அலுவலகத்திலிருந்து முடிவு கேட்டு இரண்டு முறை போன் வந்தது. நான் பாக்கியத்தைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ரெண்டு வேளையும் கழுவுறியா?"

"கழுவுறேன் யக்கா. சத்தியமா."

"முகத்துல வேற ஏதாவது தடவுறியா? தேங்காயெண்ணெய்?"

"மூஞ்சிக்கா? இன்னாத்துக்கு யக்கா? தலைக்குத்தான் வெப்பேன். வெக்கலேன்னா மண்டைவலி, பேஜாரு புடிச்சிக்கும்."

அவள் பட்டி என் கையில் இருந்தது. மற்றவர்களுடையதெல்லாம் வெள்ளையாக இருக்க, அவளுடையது மட்டும் முதல் வாரம் போலவே மஞ்சளாக எண்ணெய் குடித்திருந்தது. இவ்வளவு எண்ணெய் வைப்பவள் முகத்தில் மட்டும் வைக்காமலா இருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். ஆனால் ரிஜிஸ்டரின் கடைசிக் கட்டத்தில், குறிப்பு என்ற இடத்தில், 'முகத்தில் எண்ணெய் தடவுகிறார். சொன்னபடி நடக்கவில்லை. நீக்கலாம்' என்று எழுதினேன்.

சார் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சுசீலா அவரே, நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பார்த்தேன் சார்."

எதைப் பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை. பட்டியைப் பார்த்தேன் என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். பதினோரு பேரின் கணக்கு தலைமை அலுவலகத்துக்குப் போனது. 'எண்ணெய்ப் பசையைக் குறைக்கும்' என்று பச்சை எழுத்தில் டியூப் வெளிவந்தது. நன்றாக விற்றது.

வருஷக் கடைசியில் நிரந்தரப் பட்டியல் வந்தது. அதில் பாக்கியத்தின் பெயர் இல்லை. பேக்கிங் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க, சொன்ன பேச்சு கேக்காதவ, பொய் சொல்றவன்னு? ஆபீஸ்ல அந்தப் புக்கைக் காட்டினாங்க" என்றார். பொய் சொல்கிறாள் என்று நான் எழுதவில்லை. ஆனால் எழுதியதற்கு அதுதானே அர்த்தம்? கொஞ்ச நாளில் அவள் வருவது நின்றது. எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அவள் செய்ததற்கு நான் என்ன பண்ணுவது என்றும் நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது மறைத்து என்ன பயன்?

நாலைந்து வருஷம் போயிற்று. ஸ்வாதி புதிதாகச் சேர்ந்தாள். நெற்றிப் பரிசோதனையை அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அன்று நெற்றி தர ஆள் இல்லை. "என் தலையிலேயே கட்டிப் பழகு" என்று உட்கார்ந்தேன்.

என் தோல் பிறவியிலேயே வறட்சி. டிசம்பர் மாதப் பெங்களூர்க் குளிரில் உதடு வெடிக்கும், கன்னம் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். மூன்று மணி நேரம் கழித்து ஸ்வாதி காகிதத்தை எடுத்து எடை போட்டாள். "மேடம், உங்களுக்கு இவ்ளோ ஆயிலி ஸ்கின்னா?" என்றாள்.

எண்ணைப் பார்த்தேன். பாக்கியத்தின் ஐந்தாவது வாரத்தைவிட அதிகம்.

அவிழ்த்துப் போட்ட பட்டி மேஜை மேல் கிடந்தது. பின்பக்கம் என் தலை எண்ணெய் ஊறி மஞ்சள். அந்த மஞ்சள் பின்னால் நிற்கவில்லை. இரண்டு காதுக்கும் மேலாக, துணியோடு ஊர்ந்து முன்னால் வந்து, நெற்றியின் நடுவில் காகிதம் இருந்த இடம்வரை வந்திருந்தது. விளக்குத் திரி எண்ணெய் குடிப்பதை எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன்! பட்டி பின்னால், காகிதம் முன்னால், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இருந்தவள் நான்.

மறு வாரம் தலைக்குக் குளித்துவிட்டு வந்து மறுபடி கட்டச் சொன்னேன். ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இன்னொரு தடவை எண்ணெய் வைத்து, இன்னொரு தடவை வைக்காமல். ஸ்வாதிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நேரே பேக்கிங் பிரிவுக்குப் போனேன்.

பேக்கிங்கில் பழைய பெண்கள் சிலர் இன்னும் இருந்தார்கள். அந்த நாளில் வியாழக்கிழமைகளில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டேன். "ஆமா மேடம். மொத நாளு நீங்கதானே பட்டியப் புடிச்சிக்கினு மூஞ்சியச் சுளிச்சீங்க? எங்களுக்கு வெக்கமாப் போச்சு. அப்புறம் புதன்கிழமை சாயந்தரமே எல்லாரும் தலைக்கு ஊத்திக்குவோம்" என்றார்கள். சரி, டியூபையாவது பயன்படுத்தினீர்களா என்றேன். ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். நாலு பேர் அதைப் பிரிக்கவே இல்லை. மகளுக்கும் நாத்தனாருக்கும் கொடுத்துவிட்டார்கள். "அவ்ளோ வாசனையா இருந்துச்சு மேடம், நமக்கு எதுக்கு சும்னே" என்றார்கள், சும்மா என்பதைக் கன்னடத்தில்.

ஆக, நான் அளந்தது தோலின் எண்ணெயை அல்ல. தலையின் எண்ணெயை. குறைந்ததற்குக் காரணம் மருந்து அல்ல, என் முகச்சுளிப்பு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டு, அதை நாலாவது தசமம் வரை எழுதியிருக்கிறேன்.

சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணால் பார்த்தேன் என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"நானும் அந்தப் பட்டியப் பாத்தேன்" என்றார். "அந்தத் தாள் எழுதினவங்க ஊர்ல தலைக்கு எண்ணெ வைக்கிறதில்ல. அதனால எழுதல. நாம தினமும் வைக்கிறோம். அதனால நம்ம கண்ணுக்கே தெரியல."

"அப்போ அந்த டியூப் எண்ணெயைக் குறைக்கிறதா இல்லையா சார்?"

"குறைக்கலாம். குறைக்காமலும் இருக்கலாம். தப்பான தராசுலயும் சில சமயம் சரியான எடை வரும். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அன்று மாலையே தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு எழுதினார். என் பெயர் அதில் இல்லை. டியூப் நன்றாகப் போகிறது, இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்று பதில் வந்தது. பாக்கியத்தைப் பற்றியும் எழுதியிருந்தார். அந்தப் பட்டியல் முடிந்துபோன விஷயம் என்றார்கள். அதற்குப் பிறகு நாங்கள் எல்லார் தலையிலும் பிளாஸ்டிக் குல்லாய் மாட்டி, அதன் மேல் பட்டி கட்டினோம். அப்போது என்ன வந்தது தெரியுமா? சிலருக்குக் கூடியது, சிலருக்குக் குறைந்தது, பலருக்கு அப்படியே இருந்தது. ஒரே ஆளுக்கே ஒரு வாரம் ஏறியது, மறுவாரம் இறங்கியது. ஓய்வு பெறும்வரை அந்த எண்களை முறைத்துக்கொண்டே இருந்தேன்.

சாரின் கடிதத்துக்குப் பதில் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜீவனஹள்ளிக்குப் போனேன். பாக்கியத்தின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள். கதவைத் திறந்தவள் என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டு, "யக்கா! வா, வா" என்றாள். அந்த வரவேற்பு எனக்குத் தாங்கவில்லை. மகள் வளர்ந்துவிட்டிருந்தாள், மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

"இப்பவும் இழுப்பு வந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடறதுதான்" என்றாள் பாக்கியம். "அட்டை இருந்தா வேற மாதிரி இருந்திருக்கும். வுடு."

தண்ணீர் கொடுத்தாள். நான் சொன்னேன். பட்டி, தலை எண்ணெய், பதினோரு பேர் குளித்துவிட்டு வந்தது, நான் எழுதியது, பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னது. தலையைக் குனிந்துகொண்டேதான் சொல்ல முடிந்தது.

"மத்தவங்கல்லாம் தலைக்கு ஊத்திக்கினு வர்றாங்கன்னு தெரியும் யக்கா. என்னையும் கூப்ட்டாங்க. எனக்கு வாரத்துல ரெண்டு தபா குளிச்சா மண்டைவலி வந்துரும். அப்புறம் கொழந்தைய யாரு பாப்பாங்க? அதனால வெள்ளிக்கெழம மட்டும்தான்" என்றாள். பிறகு, "ஆனா ஒண்ணு, நான் அந்த டியூப ரெண்டு வேளையும் ஒழுங்காப் போட்டேன். மூணாவது வாரத்துலேர்ந்து மூஞ்சியெல்லாம் எரிஞ்சுது. தோல் உரிஞ்சுது. சொன்னா எடுத்துருவீங்கன்னு பவுடர் போட்டு மறச்சிக்கினு வந்தேன்" என்றாள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் சொன்னதைச் சொன்னபடி செய்தவள் என்று எனக்குத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். நாலாவது, ஐந்தாவது வாரங்களில் ஏறிய எண், தலை எண்ணெயா, அல்லது எரிந்துபோன தோல் நிஜமாகவே கூடுதலாகச் சுரந்ததா? டாக்டர் சொன்னதற்கு ஒரே சாட்சி என் முன்னால் உட்கார்ந்திருந்ததா? இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்று ஒரு குல்லாய் இருந்திருந்தால் போதும். இனி எந்தத் தராசாலும் முடியாது.

"அப்போ என் மூஞ்சில எண்ணெ ஜாஸ்தி ஆச்சா, இல்லியா யக்கா?" என்று அவளே கேட்டாள். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் முகம் அல்லவா?

"தெரியல பாக்கியம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, மகள் இருந்த மூலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"தெரியலன்னு அன்னிக்கே அந்தப் புக்குல எழுதியிருக்கலாமே யக்கா" என்றாள்.